சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

“ஜனநாயகம்னா என்ன சார்?” என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஓட்டுப் போடுவது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு நம் தோட்டங்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

கூலாயிலிருந்து கிள்ளான் தூரம்தான். ஆனால் அங்கும் நம் தாத்தா பாட்டி இங்கே கண்ட அதே லயம், அதே பெரட்டு, அதே பால்மரம். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இதுதான் அன்றைய வழக்கம்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவர், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன். அவர்கள் என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை முன்னாலும் கிராணி முன்னாலும் சைக்கிளில் போகும் உரிமை!

சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. கூலி கூடினால் வயிறு நிறையும். இறங்காமல் போனால்தான் மனுஷன் நிமிர்வான்.

மே மாதத்தில் நாதன் கைதானார். வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவித்து, இராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கியோடு வந்த சிப்பாய்களும் இந்தியர்களே! ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலர் கைதானார்கள். நாதன் நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் முறிந்தது.

தோற்றுப்போன கதையைப் பரிசளிப்பு விழாவில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். தென்கொரியாவைப் பாருங்கள். 1980 மே மாதம் குவாங்ஜூ நகர மக்கள் இராணுவ ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். மாணவர்கள் தொடங்கினார்கள்; டாக்சி ஓட்டுநர்கள் துணைக்கு வந்தார்கள்; தாய்மார்கள் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் இராணுவம் அதை நசுக்கிவிட்டது. ஆனால் மக்கள் மறக்கவில்லை. 1987இல் நாடே வீதிக்கு வந்து, அதிபரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது. 2024 டிசம்பரில் மீண்டும் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது, சில மணி நேரத்திலேயே அங்குள்ள நாடாளுமன்றம் அதை எதிர்த்து வாக்களித்தது.

நம் நாட்டிலும் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1957இல் சுதந்திரம் வந்தது. எல்லாம் அந்த ஒரு வேலைநிறுத்தத்தால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கலாம், சேர்ந்து கேட்கலாம் என்ற துணிவை அந்த ஐந்து பேர் உயிர் கொடுத்துக் காட்டினார்கள்.

பெற்றோர்களே, இன்று குடிமக்களுக்குப் பதினெட்டு வயதானால் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. “நமக்கெதுக்கு அரசியல்” என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளை ஏன், எதற்கு என்று கேட்டால், “வாயை மூடு” என்று அடக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, யாருக்கும் மரியாதை கொடுங்கள். பயந்து மட்டும் இறங்கி நிற்காதீர்கள்.