தொட்டுக் காணும் நுண்ணோக்கி



நம் பள்ளிகளில் உள்ள நுண்ணோக்கியில் வெங்காயத் தோலின் செல்களைக் கண்டிருப்பீர்கள். அது ஒளியால் காணும் கருவி. ஒளி அலை வடிவினது. ஆதலின் ஓர் எல்லைக்குக் கீழ் நுணுக்கங்களைப் பிரித்துக் காட்ட அதனால் இயலாது என்று ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் நிறுவினார். அவ்வெல்லை சுமார் 200 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். நம் உடலின் டி.என்.ஏ. இழையோ 2 நானோமீட்டர் தடிமனே உடையது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இவ்வெல்லையைக் கடந்தது. ஆயினும் பொதுவாக அதனுள் பொருளை வெற்றிடத்தில் வைத்தல் வேண்டும்; உயிருள்ள செல் அங்கே உயிரோடு இராது. பின்னர், 1981-இல், சூரிச் நகரை அடுத்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிச் ரோரர் ஆகியோர் கூரிய முனை ஒன்றுக்கும் பரப்புக்கும் இடையே கசியும் மின்னோட்டத்தைக் கொண்டு பரப்பின் வடிவை அறியும் கருவியைக் கண்டனர். மின்சாரத்தைக் கடத்தாத பொருளுக்கு அது பயன்படவில்லை. மின்னோட்டம் இல்லாவிடினும் முனையின் அணுக்களுக்கும் பரப்பின் அணுக்களுக்கும் இடையே விசை உண்டல்லவா? அவ்விசையையே அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியைப் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோப் கெர்பர் ஆகிய மூவரும் 1986-இல் உலகிற்கு அறிவித்தனர்.

இதில் பொருளைக் காட்டும் கண்ணாடி வில்லை இல்லை. இசைத்தட்டின் மேல் ஊசி செல்வதுபோல், மெல்லிய தகட்டின் நுனியிலுள்ள முனை பரப்பின்மேல் வரிவரியாகச் செல்கிறது. மேடு வந்தால் தகடு வளையும். இவ்வளைவைக் கண்ணால் அறிய முடியாது. சிறுவர் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்ச்சுவரில் ஆட்டுவதைப் பார்த்திருக்கிறோம். கை சிறிதே அசைந்தாலும் சுவரில் ஒளிப்பொட்டு நெடுந்தூரம் ஓடும். அதே உபாயந்தான் இங்கும். தகட்டின் முதுகில் லேசர் ஒளி பட்டுத் திரும்புகிறது. அது விழும் இடத்தின் நகர்வே வளைவைச் சொல்கிறது. இவ்வாறு திரட்டிய உயரங்களைக் கணிப்பொறி படமாக்குகிறது. நூல்களில் நீங்கள் காணும் பொன்னிறமும் நீலமும் பின்னர் ஏற்றப்பட்டவை. அவற்றைக் கண்டு மயங்க வேண்டா.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முனைக்கும் பருமன் உண்டாதலால், 2 நானோமீட்டர் இழை படத்தில் அதனினும் பல மடங்கு அகலமாகத் தோன்றக்கூடும். முனை மழுங்கிப்போனால் படத்தில் தெரிவது பொருளின் வடிவன்று, முனையின் வடிவே. அளக்கும் கருவியை முதலில் ஐயுறுக என்று ஆசிரியர்களாகிய நாங்கள் செய்முறை வகுப்பில் ஓயாது கூறுவது இதன் பொருட்டே.

உயிர்ப்பொருளிடம் வரும்போதுதான் உண்மையான இடர்ப்பாடு தோன்றிற்று. செல் மென்மையானது. முனை அழுத்தி உரசினால் அது சிதையும். மெல்லிய மூலக்கூறோ இடம் பெயர்ந்துவிடும். ஆகவே முனையை அதிரச் செய்து, பரப்பை விட்டுவிட்டுத் தொடும் முறை 1990-களில் வழக்கிற்கு வந்தது. நீர்மத்திலேயே வைத்துக் காணவும் இயன்றது. ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் தோஷியோ ஆண்டோவின் குழுவினர் முனையை மிக விரைவாக இயக்கும் வகை கண்டு, மயோசின் என்னும் புரதம் ஆக்டின் இழைமேல் காலடி வைத்து நடப்பதை 2010-இல் படமாகவே வெளியிட்டனர். ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ 36 நானோமீட்டர்!

வடிவத்தை மட்டுமன்றி மென்மையையும் இம்முனை அளக்கும். கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகளின் உடல் நீர்மத்திலிருந்து எடுத்த உயிருள்ள செல்களை இவ்வாறு அழுத்திப் பார்த்தனர். பரவும் புற்றுநோய்ச் செல்கள், அதே நோயாளியின் இயல்பான செல்களைவிட 70 விழுக்காட்டுக்கும் மேல் மென்மையாக இருந்தன என்று 2007-இல் அறிவித்தனர். உருவத்தில் ஒன்றுபோல் தோன்றிய செல்களும் தொட்டபோது வேறாயின. செல் பரவுவதற்கும் அதன் மென்மைக்கும் உள்ள தொடர்பை இயற்பியலாரும் மருத்துவரும் இணைந்தே ஆராய்கின்றனர்.

இனி மாணவர்கள் வினாக்களைத் தொடுக்கலாம்.