பாலாறும் நம் பொதுக் கடமையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். எழுத்தறிவு பெற்ற பிள்ளை வீடு திரும்பி உவர்நீரைக் குடிக்க வேண்டியிருந்தால் அக்கல்வி அரைக் கல்வியே ஆகும். ஆகவே, கிணற்றைப் பற்றிப் பேசுவதும் கல்விப் பணியே எனக் கருதுகிறோம்.

நந்தி மலைப் பகுதியில் தோன்றி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாகக் கடலை நாடும் பாலாறு ஆண்டில் பல திங்கள் மணலாகவே கிடக்கும். மணலுக்கு அடியில் உள்ள ஊற்றுநீரே இவ்வட்டாரத்தின் உயிர். தோல் பதனிடும் தொழிலும் அந்நீரை நம்பியே வளர்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் கழிவு இருந்தது. ஆயினும், 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலை அரசு ஊக்குவித்த பின் குரோமிய முறை பெருகிற்று. அந்நியச் செலாவணி வந்தது. உப்பும் குரோமியமும் மண்ணில் இறங்கின.

1991இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றத்தை நாடியது. சாதியின் பெயராலோ மதத்தின் பெயராலோ அன்று, குடிமக்கள் என்ற பெயராலேயே அவ்வழக்கு நடந்தது. 1996 ஆகஸ்டு 28இல் வந்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கு விலை தர வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக்கிற்று. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததை அத்தீர்ப்பே எடுத்துக் கூறுகிறது. 2001இல் இழப்பீடு வரையறுக்கப்பட்டது. எனினும், பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் அதனை வழங்கி, ஆலைகளிடம் வசூலிக்குமாறு 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. தீர்ப்பு ஒன்று, அதனைக் கேட்டுப் பெறும் மக்கள் வலிமை வேறொன்று.

அவ்வலிமை ஒற்றுமையால் மட்டுமே வரும். தொழுகைக்கு முன் ஒளுச் செய்யவும், தேவாலயத்தில் திருமுழுக்கு அளிக்கவும், கோயிலில் தீர்த்தம் வழங்கவும் நீரே வேண்டும். ஆலை உரிமையாளரில் இசுலாமியர் பலர் என்பதைக் காட்டி, இதனை மதச் சண்டையாக்க முனைவோர் உளர். ஆலையில் ஈரத்தோலைச் சுமப்போரிலும் இசுலாமிய ஏழைகள் உளர் என்பதை அவர்கள் மறைக்கின்றனர். குற்றம் கழிவினுடையது, தொழுகையினுடையது அன்று.

ஒன்றை நினைவூட்டுகிறோம். 1927 மார்ச்சில் மகாத் நகரின் சவதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு அள்ளிப் பருகினார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கே மீண்டும் மாநாடு கூட்டியபோது, பந்தலிட இடம் தந்தவர் ஓர் இசுலாமியரே. நீருக்காக மதங்கடந்து கைகோப்பது நமக்குப் புதிதன்று.

ஆனால், ஒற்றுமைக்கு நாம் ஒரு நிபந்தனை வைக்கிறோம். தோலைத் தொட்டதால் தீட்டு என்று நம்மை ஊர்க்கிணற்றுக்கு வெளியே நிறுத்தினர். பொதுக் கிணறுகளும் குளங்களும் அனைவருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்று ஊர்க்கிணறும் கெட்டது, சேரிக்கிணறும் கெட்டது. கெட்ட நீரில் மட்டும் சமத்துவம் போதாது. நல்ல நீரிலும் வேண்டும். லாரித் தண்ணீர் முதலில் எத்தெருவில் நிற்கிறது என்பதே நம் கூட்டுறவின் உரைகல்.

மேலும், ஆலையை மூடு என்று முழங்குவது எளிது. மூடினால் முதலில் அணைவது நம் அடுப்பே. 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி இடிந்து, உறங்கிக் கிடந்தோர் மேல் சேறு பாய, 10 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலையும் வேண்டும், அவ்வேலை உயிரைக் குடியாதிருக்கவும் வேண்டும். பட்டா உள்ளவர் நிலத்தைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தவர் எதைக் காட்டுவர்? இக்கேள்வியைச் சேர்த்துக் கேட்கும் கூட்டணியே எங்கள் கூட்டணி.

எனவே, பெரியோர்களை வேண்டுகிறோம். நம் மாணவர்கள் கிணறுதோறும் நீரைச் சோதித்துக் குறிப்பெழுதட்டும். அக்குறிப்பு பள்ளிவாசல், தேவாலயம், கோயில், புத்த விகாரம், அம்பேத்கர் மன்றம் ஆகிய அனைத்தின் வாயிலிலும் ஒரே நாளில் ஒட்டப்படட்டும். எழுதத் தெரியாதோருக்கு நம் பிள்ளைகள் மனு எழுதித் தரட்டும். அதில் எல்லாச் சமயத்தாரும் கையொப்பமிடட்டும்.

கற்பி, போராடு, ஒன்றுசேர் என்றார் அண்ணல். இருபத்தைந்து ஆண்டுகள் கற்பித்தோம். இனி, ஒரே கிணற்றடியில் ஒன்றுசேர்வோம்.