கூரையில்லா அரங்கு
(யூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யூபிலி நினைவாக நம் கோயில் மைதானத்தில் என்ன கட்டலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. தகரக் கூரை போட்டு மண்டபமாக்கிவிடலாம் என்கிறார்கள் ஒரு சாரார். பாஸ்கா நாடகம் நடக்கும் இடத்தைத் திறந்தபடியே விட்டு, சுற்றிலும் படிக்கட்டு அமைக்கலாம் என்கிறார்கள் மறுசாரார். கைதூக்கி முடிவு செய்யுமுன், நமக்குப் பக்கத்திலேயே உள்ள ஓர் அரங்கின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

மரக்காணத்திலிருந்து தெற்கே புதுச்சேரி போகும் வழியில் ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று அங்கே நகரம் ஏதும் இல்லை. காடழிந்து, மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாய்க் கிடந்த செம்மண் மேடு. அதில் ஓர் ஆலமரம். அம்மரத்தருகே அன்று சுமார் 5,000 பேர் கூடினார்கள். 124 நாடுகளிலிருந்தும் நம் நாட்டு மாநிலங்களிலிருந்தும் வந்த பிரதிநிதிகள், தத்தம் ஊர் மண்ணைக் கொணர்ந்து, தாமரை மொட்டு வடிவில் வெண்சலவைக்கல் பதித்த தாழியில் இட்டார்கள். ஸ்ரீ அன்னைக்கு அப்போது வயது 90. அவர் நேரில் வரவில்லை. புதுச்சேரியில் தம் அறையிலிருந்தே நகரின் சாசனத்தைப் பிரெஞ்சு மொழியில் வாசித்தார். வானொலி அந்தக் குரலைச் செம்மண் மேட்டில் கூடியிருந்தவர்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

மேடையும் படிக்கட்டும் பிறகு வந்தவை. மண் நிறைந்த அந்தத் தாழியை நடுநாயகமாகக் கொண்டு செந்நிறக் கல்லில் படிவரிசைகள் எழுந்தன. இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி 28 விடியுமுன் அங்கே தீ வளர்க்கிறார்கள். மக்கள் சுற்றிலும் அமைதியாக அமர்ந்து இசையைக் கேட்கிறார்கள், சாசனத்தைக் கேட்கிறார்கள். அவர்கள் கொள்கை வேறு, நம் விசுவாசம் வேறு, அது கிடக்கட்டும். கூட்டம் முதலில் கூடிற்று, கல் பின்னால் வந்தது என்ற வரிசைதான் நம் கண்ணில் படுகிறது.

இது மேல்நாட்டு மோகம் என்று யாரும் எண்ண வேண்டாம். கிரேக்க நாட்டு எபிடாரசில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் மலைச்சரிவிலேயே சுண்ணாம்புக்கல் இருக்கைகள் அமைத்தது உண்மைதான். ஆனால் நம் நாட்டு நாகார்ஜுனகொண்டாவிலும் இக்ஷ்வாகு மன்னர் காலத்துப் படிக்கட்டு அரங்கு கிடைத்திருக்கிறது. அணைநீரில் மூழ்காதபடி அதை அனுப்பு என்ற இடத்தில் மறுபடி அமைத்தார்கள். அவ்வளவு தூரமும் போவானேன்? சிறுபாணாற்றுப்படையில் யாழேந்திய பாணர் கடந்து செல்லும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கூறுவர். நம் தென்னார்க்காட்டுக் கூத்துக்காரர்களும் ஊர் நடுவே வெட்டவெளியில் களரி அமைத்தே ஆடிவந்தவர்கள்.

வெட்டவெளியில் குரல் எட்டுமா என்று கேட்கிறார்கள். பகலில் தரை கொதிக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிட்டால் அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் கேட்கும். உப்பளத்தில் இரவுக் காவல் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை தூரத்துப் பேச்சு காதில் விழும் என்று. மாலையில் நமக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே மேடை கிழக்கே இருந்து மேற்கு பார்த்தால், காற்றே வசனத்தைச் சுமந்து வரும். இப்போதைய வரைபடத்தில் மேடையை மேற்கு மதிலை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

தகரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை இந்தக் கடற்கரையில் யாருக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்கு என்ன செய்வது என்றால், ஐப்பசி கார்த்திகையில் அளமும் மூடிக்கிடக்கிறது. பாஸ்காவோ தவக்காலத்தில், உப்பு வாரும் வெயில் காலத்தில் வருகிறது. விடியுமுன்னே பாத்தியில் இறங்கி நாளெல்லாம் நின்றே வேலை செய்த தாய்மார்கள், இரவில் மற்றவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து நிற்கிறார்கள். முதலில் அவர்கள் உட்கார்ந்து பார்க்கப் படி வேண்டும். ஏழு வரிசை மண்படி எழுப்பி, முகப்பில் மட்டும் கல் பாவினால் போதும். செலவுக் கணக்கைத் தனித் தாளில் எழுதிப் பங்குப் பேரவையிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், காற்று வரும் திசை பார்த்து மைதானத்தை அளக்கக் கயிறும் முளைக்குச்சியும் கொண்டு வருகிறோம்.