'எர்த்' என்னும் சொல்லும் நம் காலடி மண்ணும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தில்லியில் நம் காலனியில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில் ஒருநாள் மொழிபெயர்ப்புப் பயிற்சி அளித்தோம். 'எர்த்வோர்ம்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சிறுமி 'உலகப்புழு' என எழுதினாள். வகுப்பு நகைத்தது; நாமும் நகைத்தோம். ஆயினும், வீடு திரும்புகையில், பிழை அவளுடையதன்று என்பது புலனாயிற்று. 'எர்த்' என்றால் உலகம் என அவளுக்குக் கற்பித்தவர் நாமே அல்லவா?

அச்சொல்லைச் சற்றே ஆராய்வோம். அது ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல். ஜெர்மனியர் இன்றும் 'எர்டெ' என வழங்குகின்றனர். உழவன் கிளறும் மண்ணுக்கும், நாம் நிற்கும் தரைக்கும், மாந்தர் வாழும் உலகுக்கும் அது பண்டே பொதுப்பெயராக நின்றது. 1543ஆம் ஆண்டில் கோப்பர்னிக்கஸின் நூல் வெளிவந்தது. நம் உலகமும் கதிரவனைச் சுற்றும் கோள்களுள் ஒன்றே என்னும் உண்மை மெல்லப் பரவியபின், அச்சொல் ஒரு கோளின் பெயருமாயிற்று. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஆங்கிலத்தில் ரோமானியத் தெய்வங்களின் பெயர்கள் வழங்க, நம் கோளுக்கு மட்டும் மண்ணின் பெயரே நிலைத்தது. மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் கம்பியும் 'எர்த்'. நரி பதுங்கும் வளையும் 'எர்த்'.

தமிழில் பெயர்ப்போர் இடமறிந்து சொல் தேர்தல் வேண்டும். புழுவாயின் மண்புழு, நடுக்கமாயின் நிலநடுக்கம், குயவர் வனைந்த கலமாயின் மட்பாண்டம், கோளாயின் புவி. எனினும் தமிழும் மண்ணையும் உலகையும் முற்றாகப் பிரித்துவிடவில்லை. விண்ணுலகுக்கு மறுதலையாக மண்ணுலகு என்றனர் நம் முன்னோர். குறிஞ்சி முதலிய நால்வகை நிலங்களையும் ஒருங்கே எண்ணி, உலகையே நானிலம் என அழைத்தனர்.

அன்பர்களே! 'நம் மண்' என்றதும் நாம் தஞ்சையையோ நெல்லையையோ நினைந்து பெருமூச்செறிகிறோம். இங்கே பிறந்த குழந்தைக்கோ அது விடுமுறையில் கண்டுவந்த ஊர். இவ்வாறாகத் தமிழ் தொலைவிலுள்ள ஊரின் மொழியாகவும், காலடியில் உள்ள மண் ஆங்கிலச் சொல்லாகவும் அவள் மனத்தில் பிரிந்துவிடுகின்றன. நாம் அஞ்சவேண்டுவது இப்பிரிவினையே.

யமுனைக் கரையில் படிந்திருப்பதும் ஆறு கொணர்ந்த வண்டல். காவிரிக் கழனியில் படிந்திருப்பதும் ஆறு கொணர்ந்த வண்டல். அச்சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது. தமிழ்ச்சொல் இந்த மண்ணுக்கு அயலானதன்று.

அடுத்த ஞாயிறு வகுப்பைப் பூங்காவில் நடத்தினோம். முன்னாள் இரவு பெய்த மழையில் நிலம் நெகிழ்ந்திருந்தது. சிறுவர்கள் கிளறியபோது புழு ஒன்று வெளிப்பட்டது. அச்சிறுமி கையில் ஒட்டிய ஈர மண்ணைப் பார்த்தாள். பின்னர், எவரும் கேளாமலே, "மண்புழு" என்றாள்.

தாய்மார்களை நாம் வேண்டுவது ஒன்றே. பூந்தொட்டிக்கு நீர் வார்க்கும்போது குழந்தையையும் அருகில் அழையுங்கள். அதன் கையில் ஒரு பிடி மண்ணை வைத்து, அதன் பெயரைத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லைப் பள்ளி கற்பிக்கும். இச்சொல்லை நாம்தான் கற்பிக்கவேண்டும்.

வாழ்க தமிழ்!