வெளியிலிருந்து வரும் துணை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் விரைவு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் எஞ்சின் இல்லை; வெளியிலிருந்து கொணர்ந்து இணைக்கின்றனர். (மெமு வண்டியைச் சற்றே மறந்துவிடுங்கள்.)

நிரலிலும் இவ்வாறே செய்திருக்க வேண்டும். திண்டிவனத்துக் கடை ஒன்றிற்கு நான் எழுதிய வலைத்தளத்தில், பட்டியல் போடும் வகுப்பே தரவுத்தளத்தையும் திறந்துகொண்டது. சோதித்தபோது, உண்மைக் கணக்கில் பொய்ப் பட்டியல்கள் ஏறிவிட்டன! இரவெல்லாம் அழித்தேன். தரவுத்தளத்தை வெளியிலிருந்து கொடுத்திருந்தால், சோதனைக்குப் போலி ஒன்றைக் கொடுத்திருக்கலாம் அன்றோ? இம்முறைக்குச் 'சார்பு உட்செலுத்தல்' என்னும் பெயரை 2004இல் மார்ட்டின் ஃபவுலரின் கட்டுரை பரப்பிற்று.

இதற்கு எந்த நூலகத்தைத் தேர்வது? நாலைந்து பொருள்களே இருப்பின் எதுவும் வேண்டா. ஆக்கியிடம் கையாலேயே கொடுத்துவிடலாம். மிகுந்தால், பி.எச்.பி. மொழியில் ஃபாபியன் பொட்டன்சியே எழுதிய பிம்பிளைப் பாருங்கள். அதன் முதற்பதிப்பு ஒரே கோப்பு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவில் கட்டற்ற மென்பொருள் பயிலும் மாணவர் ஒரே மாலையில் படித்துவிடலாம். பி.எச்.பி.-டி.ஐ. என்னும் நூலகமோ, எதற்கு எது வேண்டும் என்பதைத் தானே கண்டறிந்து பொருத்தும். வசதிதான், ஆயின் பிழை நேர்ந்தால், நாம் எழுதாத வரிகளில் தேட வேண்டும்.

கடைத் தளத்தில் பொருள்கள் ஐந்தே. அவற்றை இன்றும் கையாலேயே இணைத்து வருகிறேன்.