பிறர் துயர் கேட்போரின் புத்தாண்டு எண்ணம்

சித்திரைப் புத்தாண்டிலே கைவிசேடம் பெற்று, நல்ல நேரம் பார்த்துத் தொழில் தொடங்குவது இந்நாட்டு வழக்கம். சனவரி முதலாந் திகதி அரசாங்க அலுவலகங்களில் உறுதிமொழியும் எடுக்கப்படுகின்றது. பல்கலைக்கழகங்களின் மாணவர் நலன்புரிப் பிரிவுகளில் பணிபுரிவோர் அந்நாளில் தம் நலனைக் குறித்து யாது எண்ணலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் சில பேராதனைக்கு வந்தபோது, விடுதி வாழ்வும் கல்வியின் ஓர் அங்கமென்றே கொள்ளப்பட்டது. அதனாலே மாணவனுடைய நோயும் வறுமையும் மனக்கவலையும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாயின. அப்பொறுப்பு இறுதியில் வந்து சேருமிடம் ஒரு சிறிய மேசை. விடுதியில் இடம் கிடையாதவன் அங்கே வருகிறான். மகாபொலப் பணம் தாமதமானவன் வருகிறான். பகிடிவதைக்கு அஞ்சி வீடு திரும்ப எண்ணும் பிள்ளையும் வருகிறாள். 1998 இல் அதனைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியும் அவ்வச்சம் முற்றாக நீங்கவில்லை. மாலையில் மேசையை விட்டெழும் உத்தியோகத்தர் இத்தனை பேருடைய துயரையும் சுமந்துகொண்டே வீடு செல்கிறார்.

இத்தகையோர் புத்தாண்டில், "இவ்வாண்டு இன்னும் பொறுமையாக இருப்பேன்" என்று உறுதி பூணுவர். நல்ல எண்ணந்தான், ஆயினும் பெப்ரவரி வரை அது நிலைப்பதரிது. குறை பொறுமையில் இல்லை. 1974 இல் புரொய்டன்பேகர் என்னும் உளவியல் அறிஞர், நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையமொன்றில் உழைத்தோரைக் கவனித்து, தம்மை முழுதும் பணிக்கு ஈந்தவர்களே சோர்ந்து விழுவதை எடுத்துரைத்தார். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அச்சோர்வைத் தொழிலிடத்தின் தீராத நெருக்கடியால் விளைவது என வரையறுத்தது. களைப்பு, பணியில் வெறுப்பு, தன் திறமையில் ஐயம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். பிள்ளைகளிடம் எரிந்து விழத் தொடங்கிய நல்ல உத்தியோகத்தரைக் குறை கூறுமுன் இதனை நினைத்தல் வேண்டும்.

ஆகவே எண்ணமும் வேறு வகையாக அமைதல் நன்று. கொல்விற்சர் என்னும் ஜெர்மானிய உளவியலாளர், "இன்ன வேளை வந்தால் இன்னது செய்வேன்" எனக் காலமும் இடமும் குறித்துக்கொள்ளும் எண்ணமே செயலாக மாறுவது எளிது எனக் கண்டார். பன்னிரண்டரை மணி அடித்ததும் மேசையைவிட்டு எழுந்து, வேறோர் இடத்தில் உணவருந்துவது; கடினமான முறைப்பாடொன்றைக் கேட்டபின், அடுத்தவரை அழைக்குமுன் ஐந்து நிமிடம் வெளியே நடப்பது; இவை போன்றவை.

ஆனால் பன்னிரண்டரை மணிக்கே ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து நின்றால்? தனி ஒருவரின் உறுதி அங்கே உடைந்துவிடும், உடையத்தான் வேண்டும். அவ்வேளையில் மேசையில் அமர இன்னொருவர் இருந்தாற்றான் முதலாமவர் மனச்சாட்சி உறுத்தாமல் உண்ண முடியும். அதை ஏற்பாடு செய்ய வேண்டியவர் பிரிவின் தலைவர். இரவு நேரத்துக்கும் இதுவே வழி. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றது. அதனை விடுதிச் சுவரிலே எழுதி வைத்தால், ஓர் உத்தியோகத்தரின் வீட்டுத் தொலைபேசி மட்டுமே புகலிடமென்ற நிலை மாறும்.

யார், எந்நாள், எவ்வேளை என்னும் முறைப்பட்டியலை ஆண்டின் முதற் கிழமையிலேயே எழுதி ஒட்டிவிடுதல் நலம். புதுமுக மாணவர் பெட்டியுங் கையுமாக வந்திறங்கிய பின்னர், அதனை எழுத ஒருவருக்கும் நேரமிராது.