அகதிக்கு வேண்டியது தர்மமல்ல
(திருவொற்றியூரில் நடந்த தொண்டர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



நாடிழந்து வந்தவர்களுக்கு உதவும் நிலையத்தில் தொண்டு செய்ய முன்வந்திருக்கும் உங்களிடம் இரண்டொரு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் பெரிய படிப்பாளி அல்ல. பார்த்தது, படித்தது, கேட்டது இவற்றைக் கொண்டு என் புத்திக்கு எட்டியதைச் சொல்லுகிறேன். சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

அகதி என்றால் கதியற்றவர், போக்கிடம் இல்லாதவர் என்று பொருள். அவர் ஏன் அப்படியானார் என்று கேட்டால், நம் ஜனங்கள் உடனே "எல்லாம் தலைவிதி, போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லிவிடுகிறார்கள். இது எவ்வளவு சௌகரியமான பதில் பாருங்கள்! இதனால் அக்கிரமம் செய்தவனும் தப்பித்துக்கொள்ளுகிறான்; கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனும் தப்பித்துக்கொள்ளுகிறான்; அடிபட்டவன் ஒருவனே குற்றவாளியாகிறான்.

உண்மை என்ன? 1948-இல் இலங்கையில் ஒரு குடியுரிமைச் சட்டம் செய்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட லட்சக்கணக்கான தமிழர்கள் அதனால் நாடற்றவரானார்கள். 1962-இல் பர்மாவில் நீ வின் என்ற தளபதி ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகண்ணிகளை அரசுடைமையாக்கினார். 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். நேற்றுவரை முதலாளியாயிருந்தவன் வெறுங்கையோடு கப்பலேறினான். 1983 ஜூலையில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர் வீடுகளைக் கொளுத்தினார்கள்; ஜனங்கள் கடல்தாண்டி வந்தார்கள். இவையெல்லாம் பிரம்மா தலையில் எழுதியவையா, மனிதன் சட்டப் புத்தகத்திலும் தெருவிலும் செய்தவையா? மனிதன் செய்ததானால் மனிதனால் மாற்றவும் முடியும். இதை ஒப்புக்கொள்ளாதவன் தொண்டு செய்ய வந்து பயனில்லை.

இனி, "யாரோ அந்நியர்கள்" என்று பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பர்மாவிலிருந்து வந்தவர்கள் இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில்தான். கடற்கரை ரயிலடிக்கு எதிரே 1969-இல் பர்மா பஜாரை உண்டாக்கியவர்கள் அவர்கள்தான். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறி, இந்தப் பகுதியின் உழைப்பாளிகளில் ஒரு பகுதியானார்கள். நீங்கள் இன்று ருசித்துத் தின்னும் அத்தோவும் அவர்கள் கொண்டுவந்ததுதான். ஆகவே வந்தவர் பாரம் என்பது பொய். இடம் கொடுத்தால் ஊரை வளர்ப்பார் என்பது நம் கண்கண்ட சங்கதி.

அகதியாவது யாருக்கும் வரக்கூடியதே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததே, ஞாபகமிருக்கிறதா? பெரியகுப்பம், சின்னக்குப்பம், பர்மா நகர் ஜனங்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு தரம் நாட்டை விட்டு ஓடி வந்த குடும்பம் மறுதரம் சொந்த வீட்டை விட்டு ஓடிற்று. அன்று நீங்கள் ஓடியபோது, எதிர்ப்பட்டவர் "உன் ஜாதி என்ன, மதம் என்ன" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்திருந்தால் எப்படியிருக்கும்?

ஆனால் அரசாங்கமே அப்படிக் கேட்கிறதே! 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பெயர் சொல்லிச் சலுகை தந்தது. முஸ்லிமுக்கு அதில் இடமில்லை. இலங்கைக்கும் இடமில்லை, ஆகையால் இலங்கையிலிருந்து வந்தவர் இந்துவாக இருந்தும் பயனில்லை. மனிதன் பட்ட கஷ்டத்தைப் பார்க்காமல் மதத்தைப் பார்த்தால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். சிலர் பண்டிகை நாளில் சாக்கு மூட்டையோடு வருகிறார்கள். பொங்கலும் பழந்துணியும் கொடுக்கிறார்கள். வாங்குகிறவரை நிற்கவைத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். புண்ணியம் கிடைத்தது என்று போய்விடுகிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் மோட்சத்துக்கு அவன் பசி ஒரு படிக்கட்டா? கொடுக்கிறவன் மேல், வாங்குகிறவன் கீழ் என்ற எண்ணம் வளருமானால், அது தொண்டல்ல. இன்னொரு ஜாதியை உண்டாக்குகிற வேலையே ஆகும்.

வேறென்ன செய்யலாம்? ஒரு உதாரணம் சொல்லுகிறேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயிருந்தாலும், பொதுவாகப் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். சட்டம் அப்படி இருந்தும், முகாமில் பிறந்த எத்தனை பேருக்கு இதை யாராவது சொன்னார்கள்? மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. பழைய பிறப்புப் பதிவு ஒன்றைத் தேடிக் கொடுப்பவர், நூறு அண்டா பொங்கல் கிண்டியவரைவிட மேலான வேலை செய்தவராவார். மனு எழுதுங்கள், படிவம் நிரப்புங்கள், பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுங்கள், கூலியை ஏமாற்றுகிறவனிடம் கூடப்போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. நிலையத்தின் நிர்வாகத்தில் அவர்களையே உட்காரவையுங்கள். 1984-இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைப் பாருங்கள். அகதிகளே அகதிகளுக்காக நடத்தியது அது. கதியற்றவர் என்று நாம் பெயர் வைத்தவர்களுக்கு நடத்தத் தெரிந்ததா இல்லையா?

2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. புதிய வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பெயர்ப்பலகை மாறினால் போதுமா? நாற்பது வருஷம் இங்கே இருந்தவரின் பேரப்பிள்ளையும் நாடற்றவர் என்றால், வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளையா, நாமா?

இந்த ரயிலில் ஏறினால் எண்ணூர், மீஞ்சூர் தாண்டிக் கும்மிடிப்பூண்டி முகாம். இந்தப் பக்கம் புழலில் ஒரு முகாம். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகிறவர்களுக்கு இது தூரமல்ல. புண்ணியம் தேடிப் போகாதீர்கள். பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு, சமமானவரைப் பார்க்கப் போகும் சமமானவராகப் போங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.